மலையில் மைக் செட்: வாங்கும் முன் காதாலும் கையாலும் சோதிப்பது எப்படி

கடையில் நன்றாகப் பாடாத ஸ்பீக்கரை நான் இதுவரை பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் ஏசி போட்ட அறை, தரையில் கம்பளம், கடைக்காரரே பொறுக்கி வைத்த பாட்டு, மார்பில் வந்து இடிக்கும் பேஸ். "எப்படிங்ணா இருக்கு?" என்று கேட்டால் நன்றாக இல்லை என்று யார்தான் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை. பணத்தைக் கட்டி, இரண்டு பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதல் வேலை ஒரு கோயில் திருவிழா. ஆறரை மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. ஏழு மணிக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டரில் ஓட்டினோம். பாட்டெல்லாம் பிரமாதம். அப்புறம் ஊர்த் தலைவர் பேச எழுந்தார். பத்தாவது வரிசைக்கு அந்தப் பக்கம் அவர் என்ன சொல்கிறார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. "தம்பி, சத்தம் வருது, பேச்சு வரலை" என்றார் ஒரு பெரியவர்.

பல நாள் நான் பனிமூட்டத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணத்தில் பாதி, பெட்டியின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன பட்டன். கடையில் பாட்டுக்காக டிஜே நிலையில் வைத்திருந்ததை நான் அப்படியே விட்டுவிட்டேன். அந்த நிலை அடித்தொனியான பேஸையும் கீச்சுத் தொனியான ட்ரிபிளையும் தூக்கிவிட்டு, பேச்சு உட்காரும் நடுப்பகுதியைப் பள்ளமாக்கிவிடும். கடையிலேயே என் குரலை ஒரு தடவை விட்டுப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதாகச் சவுண்ட் சர்வீஸ் தொடங்கும் தம்பிகளுக்கும், கோயில், சர்ச், பள்ளிக்கூடத்துக்கு செட் வாங்கும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கருவி எப்படிப் பாடுகிறது என்பதை விற்பவர் காட்டிவிடுவார். அது எங்கே தடுமாறும் என்பதை நாம்தான் தேடிப்பார்க்க வேண்டும்.

வேலையை எழுதிவிட்டுக் கடைக்குப் போங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். கடைசி ஆள் எத்தனை மீட்டர் தள்ளி உட்காருவார், ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறந்திருக்கும், பெரும்பாலும் பேச்சா பாட்டா மேளமா. சர்ச் பாடகர் குழுவுக்கு வேண்டியது வேறு, பள்ளி ஆண்டு விழாவுக்கு வேறு, முகூர்த்தத்துக்கு வேறு. சின்ன மண்டபத்தில் தவிலுக்கு மைக்கே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்பவருக்குத்தான் வேண்டும். இது தெரியாமல் தவிலுக்கு இரண்டு மைக் வைத்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

தூரத்துக்குக் கணக்கு எளிது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் இறங்கும். பெட்டியின் தாளில் அதிகபட்சம் 125 டெசிபல் என்று போட்டிருந்தால் அது 1 மீட்டரில். 2, 4, 8, 16, 32 என்று ஐந்து தடவை இரட்டித்தால் 30 டெசிபல் போய்விடும். 32 மீட்டரில் மிச்சம் 95. அதுவும் கண நேர உச்சம்தான். தொடர்ந்து ஒலிக்கும் சராசரி அதைவிட 10, 12 டெசிபல் கீழே இருக்கும். பேச்சுக்கு இது போதும். டிரம் செட்டோடு வரும் பாட்டுக் கச்சேரிக்குப் போதாது.

வாட் கணக்கில் மயங்காதீர்கள். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 2000 வாட் என்று இருந்தால் அது உச்ச வாட். தொடர்ந்து தாங்குவது பெரும்பாலும் அதில் கால்பங்கு, அதாவது 500. தவிர, வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். "எத்தனை வாட்?" என்று கேட்பதைவிட, "ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல், உச்சமா சராசரியா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. அதே ஸ்பீக்கர் கோயம்புத்தூரில் தருவதைவிட இங்கே ஒன்றிரண்டு டெசிபல் குறைவாகத் தரும். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு, அதாவது ஆம்ப்புக்குத் தெரியும். மெல்லிய காற்று சூட்டை மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டு போகும். வெளியே குளிராக இருந்தாலும் ரேக்கில் பூட்டி வைத்த ஆம்ப் சூடாவது இதனால்தான். சில கருவிகளின் கையேட்டில் 2000 மீட்டர் உயரத்துக்குள் பயன்படுத்தவும் என்றே போட்டிருப்பார்கள். குன்னூரும் கோத்தகிரியும் அந்தக் கோட்டுக்குக் கீழே, ஊட்டியும் கொடைக்கானலும் மேலே. வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

சோதனைப் பை

எப்போதும் பயன்படுத்தும் சொந்த மைக் ஒன்று. நல்ல மைக் கேபிள் இரண்டு. காதை மூடும் ஹெட்ஃபோன், மல்டிமீட்டர், டார்ச், அளவு டேப், நோட்டு, பேனா. இவற்றோடு ஒரு பென் டிரைவ்.

பென் டிரைவில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டு வேண்டாம், புளூடூத்தும் வேண்டாம். இரண்டும் ஒலியை நசுக்கித்தான் தரும். நான் வைத்திருப்பவை: என் அக்காவும் நானும் வீட்டில் எக்கோ எதுவும் இல்லாமல் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசிய பதிவு, ஒரு பெண் குரல் தனியாகப் பாடியது, நாதஸ்வரமும் தவிலும், பறை, கிட்டாரோடு ஒரு சர்ச் பாட்டு, கடைசியாகப் பிங்க் நாய்ஸ். இது எல்லா அலைவரிசையும் கலந்த, அருவி கொட்டுவது போன்ற ஒரே சீரான இரைச்சல். எல்லாம் வேவ் கோப்பாக இருக்கட்டும். அக்கா குரலை நாற்பது வருடமாகக் கேட்கிறேன். அது சளிப் பிடித்த மாதிரி கேட்டால் குறை ஸ்பீக்கரில்தான் என்று எனக்குச் சந்தேகமே வராது. உங்களுக்கும் அப்படி ஒரு குரல் இருக்கும், பதிந்துகொள்ளுங்கள்.

சத்தம் வருவதற்கு முன்

முதலில் தூக்கிப் பாருங்கள். கடையில் தூக்குவது வேறு, கேத்தி பள்ளத்தாக்கில் ரோட்டிலிருந்து எழுபது படி இறக்கிக் கொண்டுபோவது வேறு. கைப்பிடி ஒரு ஆளுக்கு வாகாக இருக்கிறதா? ஸ்டாண்டில் ஏற்றும் குழி ஆடுகிறதா? முன்வலையை உள்ளங்கையால் தட்டுங்கள், கடகடவென்று ஓசை வரக்கூடாது. எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்ஸரில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள், எங்கும் சொரசொரக்கக் கூடாது. மைக் பின்னைச் செருகி லேசாக அசையுங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் இன்னும் இரண்டு வேலை. பவர் இல்லாதபோது, பேஸ் தரும் வூஃபரின் காகிதக் கூம்பை இரு கை விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் ஓசை வந்தால் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், நகர்ந்திருக்கிறது அல்லது வெந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். ஆம்ப் உள்ளே இல்லாத பெட்டியாக இருந்தால் மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்து பாருங்கள். 8 ஓம் வூஃபர் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், அதுதான் சரி. ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

போடும் வரிசை தெரிந்ததுதான். முதலில் மிக்ஸர், கடைசியில் ஆம்ப். அணைக்கும்போது நேர் எதிர். போட்டதும் எல்லா ஃபேடரையும் கீழே இறக்கி, ட்ரிபிள் தரும் ட்வீட்டருக்கு ஒரு கை தூரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ இருக்கலாம். ‘ம்ம்ம்’ என்ற உறுமல் இருக்கக் கூடாது. மைக் சொருகி, உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் திருகை முக்கால்வாசி தூக்கி மறுபடி கேளுங்கள். மலிவான மிக்ஸரின் குட்டு இந்த இடத்தில் வெளிப்படும்.

மைக்

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பதை வைத்து மைக்கை எடைபோட முடியாது. அதில் ப வரவே இல்லை, சீறும் ஒலியும் குறைவு. நான் சொல்லிப் பார்ப்பது, "பச்சைத் தேயிலை பறிக்கப் பத்துப் பேர் போனார்கள், சித்தி சந்தைக்குச் சென்றாள்." ப வரும்போது காற்று ‘புஃப்’ என்று அடிக்கிறதா, ச வரும்போது சீறுகிறதா, ற தெளிவாக விழுகிறதா என்று கேளுங்கள். இதையே இரண்டு விரல் தூரத்தில், ஒரு சாண் தூரத்தில், ஒரு முழத்தில் சொல்லுங்கள். நம் மேடைப் பேச்சாளர்களில் பாதிப் பேர் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் நிற்பார்கள். அதை மாற்ற நம்மால் முடியாது. அங்கே எந்த மைக் தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் நம் மைக்.

அப்புறம் பின்பக்கம். மேடையில் அதிகம் இருப்பது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு வகை. கார்டியாய்டு மைக் நேர் பின்னால் வரும் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். அதனால் பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மேடை மானிட்டரை அதற்கு நேர் பின்னால் வைக்கலாம். அதைவிடக் குறுகலாக எடுக்கும் சூப்பர் கார்டியாய்டின் காது கேளாத இடம் நேர் பின்னால் இல்லை, முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில் இரு பக்கமும் இருக்கிறது. மானிட்டரை நேர் பின்னால் வைத்தால் மைக் அதன் சத்தத்தையே திரும்ப எடுத்துக் கூவும். கடையில் மைக்கைத் திறந்துவைத்து அதைச் சுற்றி நடந்துகொண்டே பேசச் சொல்லி ஹெட்ஃபோனில் கேளுங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும். தலைப் பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தும் பாருங்கள். கல்யாண வீட்டில் பாடவரும் மாமா அப்படித்தான் பிடிப்பார்.

ஷ்யூர் எஸ்எம்58 என்ற மைக் 1966-ல் வந்தது. இன்றும் மேடையில் அதிகம் பார்க்கிற மைக் அதுதான், அதிகம் போலி வருவதும் அதற்குத்தான். எடை 298 கிராம் இருக்க வேண்டும். காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் எடை சரியாக உள்ள போலியும் உண்டு. அசல் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போய் ஒரே சேனலில் மாற்றி மாற்றிச் சொருகிப் பேசுவதுதான் நம்பகமான வழி. மிக்ஸரிலிருந்து கரண்ட் வாங்கி ஓடும் கண்டென்சர் மைக் வாங்கினால், மிக்ஸர் 48 வோல்ட் உண்மையில் தருகிறதா என்று மைக் கேபிளின் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் முனையில் 1-க்கும் 2-க்கும் நடுவில் அளந்துகொள்ளுங்கள்.

ஸ்பீக்கர்

இங்கேதான் பணம் போகிறது, ஏமாற்றமும் இங்கேதான். ஆகவே அவசரப்படாதீர்கள்.

முதல் வேலை, பின்பக்க பட்டனைச் சமநிலைக்குக் கொண்டுவருவது. சில பெட்டிகளில் ஃப்ளாட் என்றிருக்கும், சிலவற்றில் லைவ். மிக்ஸரில் அந்தச் சேனலின் ஈக்யூ, அதாவது பேஸ், ட்ரிபிள் திருகுகள் எல்லாம் நடுவில் நிற்கட்டும். இரண்டாவது, ஒப்பிடப் போகும் இரண்டு பெட்டிகளையும் ஒரே உயர ஸ்டாண்டில், சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தரையிலோ மூலையிலோ வைத்த பெட்டிக்குப் பேஸ் சும்மா கூடும். மூன்றாவது, பிங்க் நாய்ஸ் போட்டு, 3 மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் போனை வைத்து, டெசிபல் காட்டும் ஆப்பில் இரண்டும் ஒரே எண் வரும்வரை சரிசெய்யுங்கள். இரண்டில் ஒன்று 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலும் காது அதைத் தெளிவு என்று நினைத்து ஏமாறும். விற்பவர்கள் விலை கூடிய பெட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று செய்கிறார்களா, பழக்கமா, தெரியாது.

இதெல்லாம் முடிந்த பிறகு கேளுங்கள். முதலில் பேச்சு, குறைந்த சத்தத்தில். கூட வந்தவரை மாற்றிப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பி நில்லுங்கள், எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரியாமல் இருக்கட்டும். அப்புறம் பெண் குரல், பிறகு நாதஸ்வரம். நல்ல பெட்டியில் நாதஸ்வரம் கூர்மையாகக் கேட்கும். மோசமான ட்வீட்டரில் அது காதைக் கீறும். வித்தியாசத்தைச் சொல்லில் விளக்குவது கஷ்டம், இரண்டு நிமிடம் கேட்டால் போதும்.

பிறகு நடங்கள். பெட்டிக்கு நேர் முன்னால் தொடங்கி, பக்கவாட்டில் வளைந்து, அதன் தோள் வரை போங்கள். தாளில் ஒலி பரவும் கோணம் 90 டிகிரி என்றிருந்தால் நடுவிலிருந்து இரு பக்கமும் 45 டிகிரி வரை பேச்சு ஓரளவு ஒரே மாதிரி கேட்க வேண்டும். எந்த இடத்தில் ச, ஷ எல்லாம் மங்குகின்றனவோ அங்கே தரையில் டேப் ஒட்டுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் அந்தப் பெரியவரிடம் பேச்சு வாங்கியது பாதி அந்த பட்டனால், மீதி இதனால். பெட்டிகளை மேடைத் தரையிலேயே வைத்திருந்தேன். ட்ரிபிள் எல்லாம் முதல் வரிசைத் தலைகளில் முட்டி நின்றுவிட்டது. உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் ட்வீட்டர் நிற்க வேண்டும்.

அடுத்தது சத்தம். கடைக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டுக்கொண்டு, பெட்டி எல்லையைத் தொட்டுவிட்டது என்று காட்டும் லிமிட் விளக்கு எப்போதாவது மினுக்கும் அளவுக்கு ஏற்றி, இருபது நிமிடம் ஓட்டுங்கள். நீங்கள் தள்ளி நில்லுங்கள். 100 டெசிபல் சத்தத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்பது காதுக்கு ஆபத்து, களைத்த காது சரியாக எடைபோடவும் செய்யாது. லிமிட் விளக்கு எரியும்போது குரல் அமுங்கி மூச்சு வாங்குகிற மாதிரி ஆகிறதா? ஆம்ப் ஃபேன் எவ்வளவு இரைகிறது? இருபது நிமிடத்துக்குப் பின் முதலில் கேட்ட பேச்சையே பழைய அளவில் மறுபடி போட்டுக் கேளுங்கள். மாறியிருந்தால் பெட்டிக்குச் சூடு தாங்கவில்லை.

கடைசியாக, கூவும் சோதனை. ஸ்பீக்கருக்குச் சற்றுப் பின்னால் மைக் ஸ்டாண்டை நிறுத்தி, ஃபேடரை மெதுவாக ஏற்றுங்கள். முதல் ‘ஊஊ’ கேட்கும் இடத்தில் நிறுத்தி எண்ணைக் குறியுங்கள். அதே மைக், அதே இடம், அதே கெயின், இரண்டாவது பெட்டிக்கும் செய்யுங்கள். கூவாமல் அதிகம் ஏறும் பெட்டியில் நாளை மெல்லிய குரல்காரர் வந்தாலும் சமாளிக்கலாம். இந்தச் சோதனையை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு செய்யாதீர்கள்.

மிக்ஸர், ஒயர்லெஸ்

டிஜிட்டல் மிக்ஸரில் ஆயிரம் வசதி காட்டுவார்கள். நான் செய்வது ஒன்றுதான். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். கடைக்காரர் முகம் சுருங்கும், பரவாயில்லை. மறுபடி போட்டு, சத்தம் வர எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். செட்டிங் எல்லாம் பழையபடி வந்ததா? டேப்லெட் தானாகச் சேர்ந்துகொண்டதா? மழைக்காலத்தில் ஒரு விழாவுக்குள் நான்கு தடவை கரண்ட் போகிற ஊர் நம்முடையது. மிக்ஸருக்கு மட்டுமாவது ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். வைஃபையில் ஓடும் மிக்ஸரை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். கூட்டத்தில் எல்லார் போனும் 2.4-ல் நெருக்கும்.

தொடுதிரையைக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தொட்டுப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும். ஜனவரியில் தலைக்குந்தாவில் உறைபனி விழும் ராத்திரி ஒரு வேலை எடுத்தால் சிரிப்பு வராது. கை விறைத்துப்போய், பனி ஈரம் படிந்த திரையில் விரல் வைத்தால் அது வேறு எதையோ திறக்கும். உண்மையான ஃபேடர் உள்ள மிக்ஸர்மேல் எனக்கு ஒரு பிரியம் இருப்பது இதனால்தான்.

ஒயர்லெஸ் மைக்குக்கு இரண்டே கேள்வி. எந்த அலைவரிசை? 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் பழைய செட் மலிவாகக் கிடைக்கும். 2022 ஏலத்தில் அந்தப் பகுதி 5ஜிக்குப் போய்விட்டது, ஆகவே வேண்டாம். பேட்டரி எது? சாதாரண ஆல்கலைன் குளிரில் சீக்கிரம் சோரும், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் அதைவிடத் தாங்கும். சோதிக்கும்போது மைக்கை மார்போடு அணைத்து, ரிசீவருக்கு முதுகைக் காட்டி, கடைவாசல் வரை நடந்து பாருங்கள்.

கரண்ட்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உறுமல் வந்தால் எர்த் ஒயரைக் கழற்றிவிடு என்று சொல்லும் ‘அனுபவசாலி’ ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். கழற்றினால் உறுமல் நிற்கும், அது உண்மை. ஆனால் கருவிக்குள் ஏதாவது கோளாறு வந்தால் மைக்கின் இரும்பு உடம்பில் 230 வோல்ட் வந்து நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒருவர் அந்த மைக்கைப் பிடிப்பார். எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது. உறுமலுக்கு மருந்து டிஐ பாக்ஸ், கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவில் சொருகும் ஒரு சின்னப் பெட்டி. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சுவிட்ச் இருக்கும். கீபோர்டோ லேப்டாப்போ அதன் வழியாக வந்தால் ஆடியோ ஒயரில் மட்டும் கிரவுண்ட் விலகும், கரண்டின் எர்த் அப்படியே இருக்கும். இதனால்தான் டிஐ பாக்ஸையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன். லேப்டாப்பைச் சார்ஜரோடு சொருகி, சுவிட்சைப் போட்டு எடுத்துப் பாருங்கள். கூடவே, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்சான 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உள்ள ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். மொத்த செட்டும் அதன் வழியாகத்தான் ஓட வேண்டும்.

மல்டிமீட்டரை மேடைப் பக்கத்து பிளக்கில் வைத்து, செட் ஓடாதபோது ஒரு தடவை, முழுச் சத்தத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள். 230 இருந்தது 205-க்கு இறங்கினால் நடுவில் ஒயர் மெலிந்திருக்கிறது அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்தான் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை எதையும் சொருகாதீர்கள்.

ஜெனரேட்டரும் மலையில் மூச்சு வாங்கும். டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டர் ஏறும்போதெல்லாம் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 10 கேவிஏ என்று எழுதிய ஜெனரேட்டர் வண்டியை 8-க்கும் குறைவு என்று கணக்குப் போடுங்கள். சீரியல் செட்டும் டீக்கடை ஹீட்டரும் அதே வண்டியில் தொங்கினால் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ராத்திரி வெளியே

கடையில் தேறிய கருவியை உடனே வாங்காதீர்கள். ஒரு நாள் வாடகைக்குக் கேளுங்கள். வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்ளச் சிலர் ஒத்துக்கொள்வார்கள். கீழேயிருந்து கடையின் வண்டி வந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளிவண்டிக்கு அது வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு உங்கள் ஊர் மைதானத்தில் செட்டை நிறுத்தி, ஒன்பது மணி வரை அங்கேயே வையுங்கள். நான்கு மணிக்கு ஒரு தடவை, ஏழுக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு ஒரு தடவை, அதே பேச்சுப் பதிவை அதே அளவில் போட்டு, 30 மீட்டர் தள்ளி நின்று கேட்டு எழுதுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்காது.

பனிமூட்டம் ட்ரிபிளைத் தின்றுவிடும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். நேர்மாறு. 15 டிகிரிக் குளிரில், காற்று வறண்டு ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால், 8000 ஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டரில் தூரத்துக்கு உரியது போக இன்னும் 20 டெசிபல் இழக்கும். ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் 8 டெசிபல்தான். வறண்ட பகலில் ஈக்யூவில் ட்ரிபிளை ஏற்றி வைத்துவிட்டு, பனி இறங்கிய பிறகும் அப்படியே விட்டால் பின்வரிசைக்குக் கீச்சென்று கேட்கும்.

இன்னொன்று பள்ளத்தாக்கின் வேலை. பகலில் தரையோரக் காற்று சூடு, மேலே குளிர், ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். ராத்திரி குளிர்காற்று பள்ளத்தில் தங்கிவிடும், மேலே அதைவிடக் கொஞ்சம் சூடு. அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் ஓடும். மாலையில் சரியாக இருந்த சத்தம் ஒன்பது மணிக்கு எதிர்மலை ஊருக்குள் போய்க் கதவைத் தட்டும். கூட வந்தவரைப் போனோடு எதிர்ச் சரிவுக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்திலும் விழா நடக்கும் இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு உரிய அளவுக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55, ஆகவே 65. இந்தச் சோதனைக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குக் கருவிகளைத் தடவிப் பாருங்கள், மேலே ஈரம் படிந்திருக்கும். மிக்ஸரைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், காற்றுப் போக வழி விட்டு. குளிர்ந்த கருவியை அப்படியே கதகதப்பான மண்டபத்துக்குள் கொண்டுபோய்த் திறந்தால் உள்ளேயும் நீர் பூக்கும், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி. பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் பவர் கொடுங்கள்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பாருங்கள். ராத்திரி ஓடியது காலையில் சொரசொரத்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். வெளிவேலை அதிகம் எடுப்பவர்கள், தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணையும் கேட்டு வையுங்கள். இரண்டாவது இலக்கம் 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். எண்ணே இல்லாத பெட்டி மண்டபத்துக்கு மட்டும்.

வாங்கும் நாள்

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: ட்வீட்டருக்குள் அதிரும் தகடான டயாஃப்ராம் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, சர்வீஸ் கோயம்புத்தூரிலா சென்னையிலா, வாரண்டியில் போனால் மலை ஏற்றி இறக்கும் செலவு யாருடையது. டயாஃப்ராம் கிடைக்காத பெட்டி எவ்வளவு நன்றாகப் பாடினாலும் நான் வாங்குவதில்லை. ஒரு சீசன் முழுக்க, அதாவது ஏப்ரல், மே இரண்டு மாதமும், ஒற்றைப் பெட்டியோடு ஓட்டியிருக்கிறேன்.

நீங்கள் சோதித்த பெட்டியின் பின்னால் உள்ள சீரியல் நம்பரை நோட்டில் எழுதியிருப்பீர்கள். "புது பீஸ் தர்றேங்ணா" என்று சீல் பிரிக்காத அட்டைப்பெட்டியை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் சோதித்ததையே கேளுங்கள், சரி என்றால் அங்கேயே பிரித்து அக்கா குரலை ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். பில்லில் அந்த நம்பர் இருக்கட்டும். பர்லியாறு தாண்டிக் குன்னூர் வரை வளைவு வளைவாகக் குலுங்கி வந்த பிறகு, வீட்டில் இறக்கியதும் ஸ்க்ரூ, பின், வலை எல்லாவற்றையும் ஒரு தடவை கையால் தட்டிப் பாருங்கள். என்னுடைய இரண்டாவது ஜோடியில் ஒரு ஹார்ன் ஸ்க்ரூ அந்த வழியில்தான் கழன்றது.